ஒத்தை கிளாரினெட்ல க்ளெஸ்மர் கச்சேரி: முழுசா இருக்குமா, எதைக் கேக்கணும்?

கேள்வி கேட்டவர் ஜெர்மனில படிக்கிறார், அவங்க ஊர்ல ஒரு பழைய சர்ச்சுல "தனி கிளாரினெட், பாரம்பரிய க்ளெஸ்மரும் புது க்ளெஸ்மரும்"னு ஒரு போஸ்டர் பாத்திருக்கார். யூட்யூப்ல க்ளெஸ்மர்னு போட்டா அக்கார்டியன், வயலின், ட்ரம்ஸ், ட்ரம்பெட்னு ஒரு கூட்டமே வாசிக்குது, இங்க ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு வாத்தியத்தோட நிக்கப் போறார்னா அது பாதி மியூசிக்கா ஆகிடாதா, "புது"ன்னா என்ன, கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கேட்ட காதுக்கு இது பிடிபடுமான்னு மூணு விஷயம் கேட்டிருக்கார். நான் படிச்சுப் பாத்த வரைக்கும் இந்த மூணுக்கும் அடியில இருக்கறது ஒரே கேள்விதான்: இந்த இசையோட உயிர் எங்க இருக்கு, அந்த ஒத்தை மெலடியிலயா, இல்ல பின்னாடி தட்டற கூட்டத்துலயா?

என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிட்டு ஆரம்பிக்கறேன். வெஸ்டர்ன் கிளாசிக்கல் கிளாரினெட் முறையா படிச்சவன், பல வருஷமா சொல்லிக் குடுக்கறேன். க்ளெஸ்மரை கோடை வொர்க்‌ஷாப்கள்ல, அந்த மரபை வாசிக்கறவங்க பக்கத்துல உக்காந்து, நோட்டேஷன் இல்லாம காதால கத்துக்கிட்டேன். இத்திஷ் மொழி பேச வராது, யூத சமூகத்துக்கு வெளில இருந்து பாக்கறவன். அதனால வாசிப்பு பத்தி நான் சொல்றது கையில இருந்து வர்றது, வரலாறு பத்தி சொல்றது படிச்சும் கேட்டும் தெரிஞ்சுக்கிட்டது, அந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

முதல்ல அடிப்படை. க்ளெஸ்மர்ங்கறது கிழக்கு ஐரோப்பால, இன்னிக்கு உக்ரைன், மால்டோவா, பெலாரஸ், போலந்து, லித்துவேனியா, ருமேனியான்னு பிரிஞ்சு கிடக்கற பகுதிகள்ல, இத்திஷ் பேசின யூதர்களோட கல்யாண இசை. வாசிச்சவங்க பெரும்பாலும் பரம்பரை வாத்தியக்காரக் குடும்பங்க, அப்பா பிள்ளை மாப்பிள்ளைன்னு ஒரே செட்டுல இருப்பாங்க. அந்த செட்டுக்கு ரொம்ப காலம் தலைவர் வயலின்காரர்தான். கூட கார்டும் (ஒரே நேரத்துல சேர்ந்து ஒலிக்கற ஸ்வரக் கூட்டம்) தாளமும் பிடிக்க ரெண்டாவது வயலின், குச்சியால தட்டற சிம்பல்ங்கற கம்பி வாத்தியம், கீழ செல்லோவோ பாஸோ. கிளாரினெட் இதுக்குள்ள வர்றது 19-ம் நூற்றாண்டுல, அது உறுதி. ராணுவ பேண்டுல வாசிச்சிட்டு ஊர் திரும்பினவங்க மூலமா வந்திருக்கணும்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க, அது நம்பக்கூடிய விளக்கம்தான், ஆனா இந்த வருஷம் இந்த ஊர்ல இன்னார்தான் கொண்டு வந்தார்னு யாராவது அடிச்சு சொன்னா அதை நம்பாதீங்க.

கிளாரினெட் இந்த இசையோட முகமா ஆனது அமெரிக்காவுல. 1880கள்ல இருந்து 1920கள் வரைக்கும் லட்சக்கணக்கான யூதர்கள் நியூயார்க்குக்குக் குடி வந்தாங்க, அவங்களுக்காக ரெக்கார்டு கம்பெனிங்க கல்யாண ட்யூன்களைப் பதிவு பண்ணி வித்தாங்க. 1925 வரைக்கும் ரெக்கார்டிங்ல மைக் கிடையாது, ஒரு பெரிய கூம்புக்கு முன்னாடி நின்னு வாசிக்கணும், அந்தக் கூம்புல வயலினும் சிம்பலும் மெலிஞ்சு போயிடும், கிளாரினெட் கத்தி மாதிரி பதியும். கிளாரினெட் முன்னுக்கு வந்ததுக்கு இது மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன், ஆனா பெரிய காரணம். அந்த ரெக்கார்டுகள்ல ரெண்டு பேர் எல்லாரையும் விட உயரமா நிக்கறாங்க. ஒருத்தர் கலீசியா பகுதியில, இன்னிக்கு மேற்கு உக்ரைன்ல இருக்கற பெரெமிஷ்லியானிங்கற ஊர்ல இருந்து வந்த நாஃப்தூலெ பிராண்ட்வைன், இன்னொருத்தர் உக்ரைன்ல டெர்னிவ்காவுல இருந்து 1921-ல வந்த டேவ் டாராஸ். பிராண்ட்வைன் வாசிச்சா நெருப்பு, ஒவ்வொரு ஸ்வரத்தையும் கடிச்சு இழுத்து நொறுக்கி வாசிப்பார். டாராஸ் ஜார் ராணுவ பேண்டுல இருந்தவர், நோட்டேஷன் படிக்கத் தெரிஞ்சவர், அவர் வாசிப்பு சுத்தமா, அளவா, பட்டு மாதிரி ஓடும். குடி வர்றவங்களைச் சோதிச்சு உள்ள விடற நியூயார்க் எல்லிஸ் தீவுல கிருமி போகணும்னு புகை போட்டதுல அவர் கொண்டு வந்த கிளாரினெட் வீணாப் போய், கொஞ்ச காலம் ஃபர் ஃபேக்டரியில வேலை பாத்துதான் திரும்ப வாத்தியத்துக்கு வந்தார். இன்னிக்கு யார் க்ளெஸ்மர் கிளாரினெட் வாசிச்சாலும் இந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் நிழல் அவங்க மேல விழுந்திருக்கும், நீங்க போற கச்சேரியிலயும் அதைக் கவனிங்க.

சரி, தனியா வாசிச்சா முழுசா இருக்குமான்னா, இந்த மரபுக்குள்ளயே ரெண்டு வகை இசை இருக்கு. ஒண்ணு ஆடறதுக்கு வாசிக்கறது, இன்னொண்ணு கேக்கறதுக்கு வாசிக்கறது. கல்யாண விருந்து நடக்கும்போது சாப்பாட்டு மேஜைகிட்ட, விருந்தாளிங்க உக்காந்து கேக்கறதுக்காகவே லீட் வாசிக்கறவர் தன் திறமையெல்லாம் காட்டி நிதானமா வாசிக்கற பழக்கம் இருந்திருக்கு. மணப்பெண்ணை நாற்காலியில உக்கார வெச்சு, பாத்கன்ங்கற கல்யாணக் கவிராயர் எதுகை போட்டுப் பாடிப் பாடி அழ வைக்கற சடங்கு ஒண்ணு உண்டு, அதுல அவர் ஒரு அடி பாடி நிறுத்தினதும் வயலின் அந்த அடிக்கு பதில் சொல்ற மாதிரி வாசிக்கும். இதுலெல்லாம் தாளம் தளர்வாத்தான் இருக்கும், சில இடத்துல தாளமே கிடையாது, எல்லாரோட காதும் ஒரே ஒரு வாத்தியத்து மேலதான் இருக்கும். தனிக் கிளாரினெட் கச்சேரியை இந்த ரெண்டாவது வகையோட வாரிசா எடுத்துக்கிட்டு கேட்டா அது முழு இசை. ஆட்ட இசையா நினைச்சுப் போனா நிச்சயமா ஏதோ குறையற மாதிரிதான் இருக்கும். அந்தக் காலத்துல ஒத்தைக் கிளாரினெட் மேடைக் கச்சேரின்னு ஒரு வழக்கம் இருந்ததுக்கு ஆதாரம் எதையும் நான் பாத்ததில்ல. மேடை இந்தக் காலத்துது, ஆனா ஒருத்தர் வாசிக்க ஊரே வாயடைச்சுக் கேக்கறது பழசு.

இதுல தோய்னான்னு ஒரு வடிவம் இருக்கு, உங்க கச்சேரியில அது கண்டிப்பா வரும், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். ருமேனியா, மால்டோவா பக்கத்து மேய்ச்சக்காரங்களோட புலம்பல் பாட்டு வகையில இருந்து எடுத்தது. தாளக்கட்டு கிடையாது. பேண்டுல வாசிக்கும்போது அக்கார்டியனோ சிம்பலோ ஒரு கார்டை அப்படியே பிடிச்சு வெச்சிருக்கும், அது மேல கிளாரினெட் நீளமா ஒரு ஸ்வரத்துல நிக்கும், திடீர்னு சின்ன சின்ன பிடிகளா கீழ உருண்டு வரும், திரும்ப அந்த ஸ்வரத்துக்கே ஏறும், அப்புறம் கார்டு மாறும், மெலடியும் அங்க போய் உக்காரும். பாக்கறதுக்கு முழுக்க இஷ்டத்துக்கு வாசிக்கற மாதிரி இருந்தாலும் போற வழி ஏறக்குறைய தீர்மானமானது, எந்த ஸ்வரத்துல எவ்வளவு நேரம் நிக்கறது, எந்தப் பிடியைப் போட்டு இறங்கறதுன்னுதான் ஆளுக்கு ஆள் மாறும். தனியா வாசிக்கறவருக்கு அந்தக் கார்டு கிடையாது. அப்ப என்ன பண்ணுவார்? சில பேர் சர்ச்சோட எதிரொலியையே கார்டாப் பயன்படுத்துவாங்க, ஒரு ஸ்வரத்தை நிறுத்திட்டு அது காத்துல கரையற வரைக்கும் காத்திருந்து, கரையறதுக்குள்ள அடுத்ததைத் தொடுவாங்க. சில பேர் மேடையில ஒரு பெரிய பியானோ இருந்தா மூடியைத் திறந்து வெச்சு, பெடலை அமுக்கி வெச்சுக்கிட்டு அதுக்குள்ள பாத்து ஊதுவாங்க, கம்பிங்க தானா அதிர்ந்து ஒரு மங்கலான சுருதி மாதிரி பின்னாடி நிக்கும். ஆனா நான் பெரிசா மதிக்கறது இது எதையும் பண்ணாம, அடிச் சுருதியை நம்ம மனசுலயே ஊன்றிட்டு போறவங்களை. ஆரம்பத்துல கீழ் ஸ்வரத்தை ரெண்டு மூணு தடவை சரியான இடத்துல தொட்டுக் காட்டிட்டா போதும், அதுக்கப்புறம் அவர் எங்க சுத்தினாலும் நம்ம காது அந்த அடி ஸ்வரத்தை விடாமப் பிடிச்சிட்டிருக்கும். அப்படி நடந்துச்சுன்னா வாசிக்கறவர் நல்லவர்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

பழைய ரெக்கார்டுல மூணு நிமிஷத்துக்குள்ள தோய்னாவை முடிச்சு, உடனே ஒரு வேகமான ஆட்ட ட்யூன்ல இறங்கிடுவாங்க. கல்யாணத்துலயும் மேடையிலயும் வழக்கமான வரிசை என்னன்னா தோய்னா, அப்புறம் ஹோரா இல்ல ஜோக்ங்கற நொண்டி நடை போடற மூணு எண்ணிக்கைத் தாளம், அதுல ஒண்ணாவதும் மூணாவதும்தான் அழுத்தும், ரெண்டாவது காலியாப் போகும், அதுக்கப்புறம் ஃப்ரெய்லெக்ஸ் இல்ல புல்கார்ங்கற துள்ளல் ட்யூன்கள்.

இந்த ஆட்ட ட்யூன்கள்லதான் தனியா வாசிக்கறவருக்கு உண்மையான சோதனை. புல்காருக்குப் பின்னாடி ஓடறது எட்டு எண்ணிக்கையை 3+3+2ன்னு பிரிச்ச நடை, அதை ரெண்டாவது வயலினோ அக்கார்டியனோ விடாமப் போட்டுக்கிட்டே இருக்கும், ஆடறவங்க காலுக்கு அதுதான் தரை. அதை எடுத்துட்டா மெலடி மட்டும் அந்தரத்துல ஓடும். சிலர் காலால தரையைத் தட்டுவாங்க, சிலர் இப்பல்லாம் லூப் பெடல் வெச்சு தங்களோட கீழ் ஸ்வரங்களையே பதிவு பண்ணி சுத்த விடறாங்க. எனக்குப் பிடிச்ச வழி கிளாரினெட்டோட கட்டமைப்புலயே ஒளிஞ்சிருக்கு. பி ஃப்ளாட் கிளாரினெட்ல எல்லாத் துளையையும் மூடினா வர்ற கடைசி கீழ் ஸ்வரம் விரலுக்கு ஈ (நோட்டேஷன்ல எழுதற பேர்), காதுக்கு டி (நிஜமா ஒலிக்கறது). க்ளெஸ்மர்ல டி ரொம்ப சகஜமான ஆதார ஸ்வரம். அப்ப வாத்தியத்தோட அடி ஸ்வரமே ஷட்ஜமாகிடுது. அது மட்டுமில்ல, மத்த மர ஊதுகுழல்கள் மேல தாவும்போது எட்டு ஸ்வரம் தாவும், கிளாரினெட் பன்னெண்டு தாவும், அதாவது விரலை எதையும் மாத்தாம இடது கட்டைவிரலால ரெஜிஸ்டர் கீயை மட்டும் அமுக்கினா, கீழ் ஷட்ஜத்துல இருந்து நேரா மேல் ஸ்தாயிப் பஞ்சமத்துக்குப் போயிடும். ஒரே ஒரு கட்டைவிரல் அசைவுல அடியும் உச்சியும்! கெட்டிக்காரங்க முதல் எண்ணிக்கைல அந்த அடி டி-யை 'பும்'னு தொட்டுட்டு, அடுத்த கணமே மேல மெலடிக்குத் தாவி, திரும்பக் கீழ வந்து தொட்டு, ஒருத்தரே பாஸும் லீடுமா மாறிடுவாங்க. கண்ணை மூடிட்டு கேட்டா ரெண்டு பேர் வாசிக்கற மாதிரி இருக்கும். இதுக்கு அபார மூச்சுக் கட்டுப்பாடு வேணும். மூக்கால இழுத்துக்கிட்டே கன்னத்துல இருக்கற காத்தை ஊதற சர்க்குலர் ப்ரீத்திங் தெரிஞ்சவங்க இடைவெளி இல்லாமலே வாசிப்பாங்க, ஆனா அதை ரொம்ப நேரம் பண்ணா எனக்கு அலுத்துடும், ஏன்னா மூச்சு விடற இடம்தான் இந்த இசையில வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி.

இனி க்ரெக்ட்ஸ். க்ளெஸ்மர் கிளாரினெட்ல விக்கல் மாதிரி, தேம்பல் மாதிரி ஒரு சத்தம் வருமே, அதுதான். கிளாசிக்கல் மாணவர்கள் இதைப் பாத்துட்டு எங்கிட்ட வந்து "எந்த நோட்டு அது?"ன்னு கேப்பாங்க. அது நோட்டே இல்ல. ஒரு ஸ்வரத்தைப் பிடிச்சிட்டு, முடிக்கற கணத்துல ஒரு விரலை மேல இருக்கற ஸ்வரத்துக்குக் கண் இமைக்கற நேரத்துக்குத் தூக்கணும், அது முழுசா ஒலிக்கறதுக்குள்ளயே ஊதற முனையில அதிர்ற ரீடுங்கற மெல்லிய பட்டையை நாக்கால அடைச்சிடணும், தொண்டையும் அதே நேரத்துல இறுகணும். மேல் ஸ்வரம் பிறக்கும்போதே நெரிச்சிடற மாதிரி. விரல் கொஞ்சம் லேட்டாச்சுன்னா அது சாதாரண அலங்கார ஸ்வரமா அழகா ஒலிச்சுடும், நாக்கு சீக்கிரம் வந்துட்டா வெறும் நிறுத்தமாப் போயிடும். மாணவர்களுக்கு நான் முதல்ல வாத்தியத்தைக் கீழ வெக்கச் சொல்லி, வாயால பாடிக் காட்டச் சொல்வேன், குரல்ல வந்தாத்தான் கையில வரும். யூதர்களோட வழிபாட்டு இடமான சினகாக்ல வழிபாடு பாடற கஜான்களோட குரல்லயும், பழைய இத்திஷ் பாட்டுகள்லயும் இதே தேம்பல் அப்படியே இருக்கு, ஒரே பேச்சு வழக்கத்துல பிறந்ததுங்கறதால இருக்கலாம். இது தவிர பக்கத்து ரெண்டு ஸ்வரத்தை வேகமா மாத்தி மாத்தி வாசிக்கற ட்ரில், சுருக்கமா சுத்திட்டு வர்ற ட்ரெய்ட்லெக், ஸ்வரத்தைக் கீழ இருந்து வளைச்சு ஏத்தறது எல்லாம் உண்டு. விரலைத் துளை மேல இருந்து படிப்படியா நகர்த்தி எடுக்கறதும், வாய்க்குள்ள நாக்கோட நிலையை மாத்தறதும் சேர்ந்துதான் அந்த வழுக்கல் வரும். பழைய ஆட்கள்ல பலர் ஆல்பர்ட் சிஸ்டம்ங்கற பழைய மாடல் கிளாரினெட் வெச்சிருந்தாங்க, கீ கம்மி, துளைங்க பெருசு, வழுக்கறதுக்கு வசதி. இப்பவும் அதைத் தேடி வாங்கறவங்க இருக்காங்க, சாதாரண மாடல்லயே பிரமாதமா வாசிக்கறவங்களும் இருக்காங்க, வாத்தியம்தான் எல்லாமேன்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

இந்த அலங்காரத்தை எவ்வளவு போடறாங்கங்கறதுதான் ஒருத்தரோட ரசனையைக் காட்டற இடம். டாராஸ் ரெக்கார்டைக் கேட்டா எவ்வளவு கம்மியா போட்டிருக்கார்னு ஆச்சரியமா இருக்கும். ஒவ்வொரு ஸ்வரத்துலயும் தேம்பினா எதுலயும் தேம்பல் இருக்காது. இப்ப வர்ற பல பேர் ஒரு வரிக்கு நாலு க்ரெக்ட்ஸ், ரெண்டு வழுக்கல்னு போட்டு உருக்கறாங்க, கூட்டம் கை தட்டத்தான் செய்யுது, என்னால அதை ஏத்துக்க முடியல.

கர்நாடக சங்கீதக் காது உதவுமான்னு கேட்டீங்க. நல்லாவே உதவும், ஒரு எல்லை வரைக்கும். க்ளெஸ்மர்ல அதிகமா வர்ற ஃப்ரெய்கிஷ்ங்கற ஸ்கேலை எடுத்துக்கிட்டா ஸ்வரங்கள் ச ரி1 க3 ம1 ப த1 நி2, அதாவது நம்ம வகுளாபரணம். இன்னொண்ணு மி ஷெபெராக்னு சொல்றது, தோய்னாக்கள் பெரும்பாலும் இதுலதான் வரும், ச ரி2 க2 ம2 ப த2 நி2, அதாவது ஹேமவதி. கிரக பேதம் தெரிஞ்சவங்களுக்கு உடனே பொறி தட்டும்: வகுளாபரணத்தோட நிஷாதத்தை ஷட்ஜமாக்கினா ஹேமவதி வந்துடும். ஒரே ஏழு ஸ்வரம், உக்கார்ற இடம்தான் வேற. ஒரு ட்யூனுக்குள்ளயே ஆதார ஸ்வரத்தை நகர்த்தறது க்ளெஸ்மர்ல வழக்கம், ஃப்ரெய்கிஷ்ல ஆரம்பிச்ச ட்யூன் நடுவுல மத்யமத்துல போய் உக்காந்துட்டு கடைசியில வீடு திரும்பும், உங்க காது இதை மத்தவங்களை விட சீக்கிரம் பிடிச்சுடும். ஆனா ராகமா எதிர்பார்க்காதீங்க. கமகம் கிடையாது, ஆரோகண அவரோகண வக்ரம் கிடையாது, ஆலாபனை மாதிரி அரை மணி நேரம் ஒரே ஸ்கேலைத் தோண்டறதும் கிடையாது. ஸ்கேல் ஒத்துப்போறதால ரெண்டுக்கும் ஏதோ பூர்வீகத் தொடர்புன்னு சிலர் எழுதறாங்க, அதுக்கு எந்த ஆதாரமும் இல்ல. க்ளெஸ்மருக்கு அக்கம்பக்கம் யாருன்னா உக்ரைன், மால்டோவா கிராமத்து இசை, ஜிப்சின்னு சொல்வாங்களே அந்த ரோமா வாத்தியக்காரங்க, ஆட்டோமான் காலத்து துருக்கி, கிரேக்க இசை, அப்புறம் அவங்களோட சொந்த சினகாக் பாட்டு, இவ்வளவுதான். மால்டோவா பக்கம் யூதர்களும் ரோமாக்களும் ஒரே பேண்டுல சேர்ந்தே வாசிச்சிருக்காங்க.

அடுத்து "புது". போஸ்டர்ல இந்த ஒரு வார்த்தைக்குள்ள மூணு வேற வேற சமாச்சாரம் இருக்கலாம். பழைய வடிவத்துலயே புதுசா எழுதின ட்யூன், அதாவது இன்னிக்கு ஒருத்தர் எழுதின புல்கார், ஹோரா. நல்லா எழுதினா நூறு வருஷம் முன்னாடி எழுதினதுன்னு நினைச்சுடுவீங்க. மரபு உயிரோட இருக்குங்கறதுக்கு எனக்கு இதுதான் பெரிய அத்தாட்சி. ரெண்டாவது, கச்சேரி மேடைக்காக இசையமைப்பாளர்கள் முழுசா எழுதினது. இது இன்னிக்கு நேத்து வழக்கமில்ல, 1919-லயே ப்ரோகோஃபியேவ் யூத மெட்டுகளை வெச்சு கிளாரினெட், நாலு தந்தி வாத்தியம், பியானோவுக்கு ஒரு ஓவர்ச்சர் எழுதியிருக்கார், ரஷ்யாவுல இருந்து நியூயார்க் வந்த யூத இசைக்குழு ஒண்ணுக்காக. 1994-ல ஓஸ்வால்தோ கோலிஹோவ் கிளாரினெட்டுக்கும் ஸ்ட்ரிங் குவார்டெட்டுக்கும் எழுதின பெரிய படைப்புல அந்த வாசிப்பாளர் பல சைஸ் கிளாரினெட்டை மாத்தி மாத்தி வாசிக்கணும், க்ளெஸ்மர் அலங்காரத்தை அவ்வளவு துல்லியமா காகிதத்துல எழுத முடியும்னு அது காட்டுச்சு. துணையே இல்லாத தனிக் கிளாரினெட்டுக்கு எழுதறது கிளாசிக்கல்ல புதுசு கிடையாது, ஸ்ட்ராவின்ஸ்கியோட மூணு சின்னத் துண்டுகள் நூறு வருஷத்துக்கு முன்னாடியே வந்துடுச்சு, இன்னிக்கும் எங்க பரீட்சைகள்ல அது உண்டு. மூணாவது, மெட்டு பழசு, அணுகுமுறை புதுசு: ஒரே நேரத்துல ரெண்டு மூணு ஸ்வரம் கேக்கற மல்டிஃபோனிக்ஸ், ஊதிக்கிட்டே குரல் கொடுக்கறது, வெறும் காத்துச் சத்தம், கீயைத் தட்டற சத்தம். இது சில கைகள்ல அற்புதமா இருக்கும், சில கைகள்ல வித்தை காட்டறதா மாறிடும். எனக்கு இருக்கற அளவுகோல் ஒண்ணே ஒண்ணு, அந்தச் சத்தத்தையெல்லாம் கழிச்சிட்டா மெட்டு நிக்குதான்னு பாப்பேன்.

"பாரம்பரியம்"ங்கற வார்த்தையும் லேசுப்பட்டது இல்ல. இந்த இசை தொடர்ச்சியா இன்னிக்கு வரைக்கும் ஓடி வந்துடல. கிழக்கு ஐரோப்பாவுல அதைக் கேட்டவங்களையும் வாசிச்சவங்களையும் நாஜிங்க கொன்னுட்டாங்க, மொத்தம் சுமார் 60 லட்சம் யூதர்கள். அமெரிக்காவுல அடுத்த தலைமுறை ஜாஸ், ஸ்விங்னு போயிடுச்சு. சோவியத்ல மோய்செய் பெரெகோவ்ஸ்கினு ஒரு ஆராய்ச்சியாளர் 1920கள் கடைசியில இருந்து ஊர் ஊராப் போய் மெழுகு சிலிண்டர்ல பதிவு பண்ணி, ட்யூன் ட்யூனா எழுதி வெச்சார். 1950-ல அவரைக் கைது பண்ணி சைபீரிய முகாமுக்கு அனுப்பிட்டாங்க, சில வருஷம் கழிச்சு விடுதலையாகி 1961-ல இறந்துட்டார், கல்யாண ட்யூன் தொகுப்பு அச்சாகி வந்தது 1987-ல. அந்தச் சிலிண்டர்கள் அழிஞ்சு போச்சுன்னே எல்லாரும் நம்பிட்டிருந்தாங்க, 1990கள்ல கியேவ் நூலகத்துல இருக்கறது தெரிய வந்துது. அமெரிக்காவுல 1970கள் கடைசியில ஆண்டி ஸ்டாட்மன் மாதிரி இளைஞர்கள் வயசான டாராஸைத் தேடிப் போய் நேரா கத்துக்கிட்டாங்க, மத்தவங்க பழைய 78 ரெக்கார்டைத் தேய்ச்சுத் தேய்ச்சு கேட்டு எடுத்தாங்க. 1994-ல மால்டோவாவுல இருந்து ப்ரூக்ளினுக்கு வந்த கெர்மன் கோல்டென்ஷ்டெய்ன்ங்கற கிளாரினெட்காரர் நூற்றுக்கணக்கான ட்யூன் எழுதின நோட்டுப் புத்தகங்களைக் கொண்டு வந்தார், அமெரிக்க ரெக்கார்டுகள்ல இல்லாத பல ட்யூன்கள் அதுல இருந்துச்சு. அதனால இன்னிக்கு மேடையில "பாரம்பரியம்"னு வாசிக்கறது ரெக்கார்டு, நோட்டு, கடைசியா மிஞ்சின சில பெரியவங்க, இந்த மூணுல இருந்து பொறுக்கிக் கட்டினது. அதைச் சொல்றதால அதோட மதிப்பு எனக்குக் குறையல, இவ்வளவு பேர் பிடிவாதமாக் காப்பாத்தினதுன்னு நினைச்சா கூடத்தான் செய்யுது.

இது கூடவே ஒரு பழக்கத்தையும் சொல்லணும். ஐரோப்பாவுல, முக்கியமா ஜெர்மனில, க்ளெஸ்மரைக் கேட்டாலே எல்லாத்தையும் படுகொலையோட சோகமாவே கேக்கற மனநிலை இருக்கு. 1993-ல ஸ்பீல்பெர்க் எடுத்த, யூதப் படுகொலை பத்தின 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்துல கியோரா ஃபைட்மனோட கிளாரினெட் வந்ததும் அந்தத் தொடர்பு இன்னும் இறுகிடுச்சு. அந்த உணர்வை நான் மதிக்கறேன், அந்த மண்ணுல அது வராம இருக்காது. ஆனா இந்த ட்யூன்கள்ல பெரும்பாலானது அதுக்கு முன்னாடி, கல்யாணத்துல, மாமன் மச்சான் எல்லாம் குடிச்சிட்டு ஆடறதுக்காகப் பிறந்தது. பிராண்ட்வைன் 1923-ல பதிவு பண்ண பிரபலமான ஒண்ணு, கல்யாணம் முடிஞ்சு சம்பந்தி வீட்டாரை வீடு வரைக்கும் கொண்டு போய் விடறப்ப வாசிக்கற ட்யூன். அதுல ஒரு ஏக்கம் இருக்கு, உண்மைதான், ஆனா அது விடிகாலையில விருந்து முடிஞ்சு நடந்து போறவங்களோட ஏக்கம். அந்த இடத்துல வெச்சுக் கேட்டாத்தான் அந்த ட்யூன்ல இருக்கற குறும்பும் காதுல விழும்.

இன்னொண்ணும் அடிக்கடி கேள்விப்படுவீங்க. அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வினோட 1924 'ராப்சடி இன் ப்ளூ' ஆரம்பத்துல கிளாரினெட் வழுக்கிட்டு ஏறுமே, அது க்ளெஸ்மர்ல இருந்து வந்ததுன்னு கச்சேரிக் குறிப்புல கூடப் போடுவாங்க. உறுதியாத் தெரிஞ்சது, கெர்ஷ்வின் எழுதினது சாதாரணமா ஏறிப் போற ஸ்கேல், ஒத்திகையில ராஸ் கோர்மன்ங்கற வாசிப்பாளர் விளையாட்டா வழுக்கிக் காட்ட, அதையே வெச்சுக்கச் சொல்லிட்டார். நியூயார்க்ல யூதக் குடும்பத்துல வளர்ந்த கெர்ஷ்வின் காதுல அந்த மாதிரிச் சத்தம் விழுந்திருக்க வாய்ப்பு நிறைய, ஆனா அந்த வழுக்கல் நேரா க்ளெஸ்மர்ல இருந்து எடுத்ததுன்னு நிரூபிக்க முடியாது, அந்தக் கால ஜாஸ், வாடவில்ங்கற கேளிக்கை மேடை கிளாரினெட்காரங்களும் இதையே பண்ணிட்டிருந்தாங்க.

அதனால தாராளமாப் போங்க. போறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் ஒதுக்கி மூணு பேரைக் கேளுங்க: பிராண்ட்வைன், டாராஸ், அப்புறம் இந்தக் காலத்து டேவிட் க்ராகவர். பழைய ரெக்கார்டுல கரகரப்பு அதிகம், முதல் ரெண்டு தடவை எரிச்சலா இருக்கும், மூணாவது தடவை காது அதைத் தள்ளி வெச்சுடும். டாராஸோட ஒரு ட்யூனை மட்டும் எடுத்து, எங்க தேம்பறார், எங்க தேம்பாம விடறார்னு பென்சில்ல கோடு போட்டுப் பாருங்க, கச்சேரியில வாசிக்கறவர் எந்தப் பக்கம் சாயறார்னு பத்து நிமிஷத்துல புரிஞ்சுடும். வேகமான ட்யூன் வந்தா கை தட்டித் தாளம் போடலாம், தப்பே இல்ல, தனியா நிக்கற மனுஷனுக்கு அது பெரிய துணை, ஆனா தோய்னா ஓடும்போது ஒரு ஸ்வரம் நின்ன உடனே கை தட்டிடாதீங்க, பெரும்பாலும் அது முடிவா இருக்காது. சர்ச்சுங்கறதால கடைசியா ஒண்ணு: முதல் நாலஞ்சு வரிசைக்குள்ள, கொஞ்சம் பக்கவாட்டுல இடம் பிடிங்க. கிளாரினெட் சத்தம் கீழ இருக்கற வாய் வழியா மட்டும் வர்றதில்ல, திறந்திருக்கற துளைகள் வழியாத்தான் பெரும்பாலும் வரும், அதனால பக்கவாட்டுல உக்காந்தாலும் நஷ்டம் இல்ல, விரலும் நல்லாத் தெரியும். பின்னாடி போயிட்டா எதிரொலியில அந்தச் சின்னச் சின்ன க்ரெக்ட்ஸ் எல்லாம் கரைஞ்சு, வழவழன்னு ஒரே நீளமான சத்தமாத்தான் உங்களுக்கு வந்து சேரும்.